மடியினும் காப்பான இருக்கை

(தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

புலவர்களும் பேராசிரியர்களும் முழங்கிச் சென்ற மேடை இது. பத்தாம் வகுப்புத் தேறியதோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இரயில்வேயின் பார்சல் அலுவலகத்தில் எழுத்தராகக் காலந்தள்ளும் எளியேனுக்கு இங்கே இலக்கியம் பேசும் தகுதி இல்லை. எனினும், ‘உனக்குத் தெரிந்த ஒரு செய்தியை, நம் குடும்பங்களுக்குப் பயன்படும்படியாகச் சொல்’ என்று செயலாளர் அவர்கள் அன்புடன் பணித்தார்கள். ஆகவே, எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்ல முன்வந்தேன். உடற்குறையோ வளர்ச்சிக் குறையோ உடைய சிறு குழந்தை ஒன்று வீட்டில் இருக்குமாயின், அதனைக் காரில் அழைத்துச் செல்லும்போது எத்தகைய இருக்கையில் அமர்த்துவது என்பதே அது.

‘இதைப் பேசவா ஆண்டு விழா?’ என்று சிலர் எண்ணலாம். சற்றே எண்ணிப் பாருங்கள். மற்றக் குழந்தைகளுக்குக் கார்ப் பயணம் என்பது கடைத்தெருவுக்கும் கலியாணத்துக்கும் போய்வரும் இன்பப் பயணம். நான் சொல்லும் குழந்தைகளுக்கோ அது மருந்து போன்றது, விட இயலாதது. வாரத்தில் இரண்டு மூன்று நாள்கள் உடற்பயிற்சி மருத்துவம், பேச்சுப் பயிற்சி, மருத்துவர் சோதனை என்று அலைந்தே ஆகவேண்டும். துவாரகையிலிருந்தோ மயூர் விகாரிலிருந்தோ அன்சாரி நகரிலுள்ள அகில இந்திய மருத்துவக் கழகத்துக்குச் செல்வதென்றால், ஒரு வழிக்கே பதினைந்து இருபது கிலோமீட்டர் ஆகிறது. எந்தக் குழந்தையின் உடல் அதிர்ச்சியைத் தாங்கும் வலிமை குறைந்ததோ, அந்தக் குழந்தையே இந்நகரத்துச் சாலைகளில் மிகுந்த நேரத்தைக் கழிக்கிறது. இதனினும் கவலைக்குரிய செய்தி வேறு உண்டோ?

என் தங்கையின் மகனுக்கு நான்கு வயது நிறைந்துவிட்டது. பிறந்தபோதே மூளை முடக்குவாதம் கண்டது. சிரிப்பான், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பான், சுவரொட்டியில் இரயில் எஞ்சினைக் கண்டால் கைகொட்டுவான். ஆனால் யாரும் பிடிக்காமல் பத்து நிமிடம் நிமிர்ந்து உட்கார இயலாது. எடை 13 கிலோ. முதலில் தங்கை அவனை மடியில் வைத்துக்கொண்டே பின்னிருக்கையில் சென்றுவந்தாள். ஒருநாள் மோதிபாக் மேம்பாலத்தருகே முன்னே சென்ற வண்டி திடீரென நிற்க, மைத்துனர் தடையை அழுத்த, குழந்தை அவள் கையிலிருந்து நழுவி முன்னிருக்கையின் முதுகில் மோதிக்கொண்டான். காயம் சிறிதே. வேகமும் பெரிதன்று. ஆயினும் அன்றிரவு எங்கள் வீட்டில் எவரும் உறங்கவில்லை. அதன்பின் ஒரு மாத காலம் பயிற்சிக்கு அழைத்துச் செல்லவே அஞ்சினார்கள். அந்த ஒரு மாதத்தில் கால் தசைகள் மீண்டும் இறுகத் தொடங்கின. வண்டியில் செல்வதும் அச்சம், செல்லாதிருப்பதும் கேடு என்னும் இந்த இடுக்கணில் அகப்பட்டோர் இவ்வவையிலேயே இன்னும் சிலர் இருக்கக்கூடும். அவர்களுக்காகவே பேசுகிறேன்.

வீட்டுப் பெரியவர்கள் இரண்டு தடைகளைச் சொன்னார்கள். முதலாவது, ‘தாய் மடியைவிடக் காப்பான இடம் உலகில் உண்டா?’ என்பது. இரண்டாவது, ‘நோய்ப்பட்ட குழந்தையைக் கட்டிப்போடுவதா?’ என்பது. இரண்டும் அன்பிலிருந்து பிறந்த கேள்விகள். ஆதலால் அவற்றுக்குக் கோபமின்றி விடை கூறவேண்டும்.

முதற்கேள்விக்குக் கணக்கே விடை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்குச் சற்றேறக்குறைய 14 மீட்டர். அந்த வேகத்தில் செல்லும் வண்டி எதிலேனும் மோதி நிற்பது, ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து, தரையில் விழுவதற்கு ஒப்பாகும். வண்டியின் முன்பகுதி நசுங்கி 60 சென்டிமீட்டர் தூரத்துக்குள் நின்றுவிடுவதாகக் கொண்டால், நொடியில் பத்திலொரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் எல்லாம் முடிந்துபோகிறது. அக்கணத்தில் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் எடையைப் போலப் பதினாறு மடங்கு விசையோடு முன்னே பாய்கிறது. 13 கிலோக் குழந்தை 200 கிலோவுக்கு மேற்பட்ட சுமையாகிவிடுகிறது. எங்கள் பார்சல் அலுவலகத்தில் 200 கிலோ மூட்டையென்றால் தள்ளுவண்டியும் இரண்டு ஆட்களும் வேண்டும். தாயின் அன்பு எல்லையற்றதுதான். ஆனால் அவள் கைகளின் வலிமைக்கு எல்லை உண்டு. அன்றியும், அவளும் பட்டை அணியாதவளாயின், அவளுடைய உடலே குழந்தையை முன்னிருக்கையோடு நசுக்கிவிடும். இரண்டு பேரையும் ஒரே பட்டைக்குள் சேர்த்துப் பூட்டினாலும் அதுவே நேரும்.

‘இரயிலில் மடியில் வைத்துக்கொண்டு போகிறோமே?’ என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. விரைந்து செல்லும் இரயில் தடை போட்டு நிற்பதற்கு ஒரு கிலோமீட்டர்கூட ஆகும். வேகம் மெல்ல மெல்லத் தணிவதால் பயணியை அது தூக்கியெறிவதில்லை. கார் நிற்கவேண்டி நேரும் விதமோ வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணுதல் ஆகாது.

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். ‘கட்டுதல்’ என்ற சொல்லைக் கேட்டாலே நம் நெஞ்சம் துணுக்குறுவதில் வியப்பில்லை. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் ஓடித் தப்ப வழியின்றி மாண்டனர். அந்த நினைவு தமிழர் உள்ளத்திலிருந்து நீங்காது; நீங்கவும் கூடாது. ஆனால் அந்தச் சங்கிலி வேறு, இந்தப் பட்டை வேறு. சங்கிலி ஒருவனை ஓரிடத்தில் சிறை வைப்பதற்காக இடப்பட்டது. இந்தப் பட்டையோ, பெரியவர் ஒருவர் ஒரே பொத்தானை அழுத்தினால் உடனே விடுபடுவது. குழந்தையை உலகத்துக்குள் அழைத்துச் செல்வதற்காகவே அமைந்தது. நம் பாட்டிமார் குழந்தையைத் தூளியிலிட்டு ஆட்டினர். வயலுக்குப் போகும்போது முதுகிலும் இடுப்பிலும் துணியால் சேர்த்துக் கட்டிக்கொண்டு நடந்தனர். அதனைச் சிறையென்று எவரும் சொல்லவில்லை. காலத்துக்கேற்ற தூளியே கார் இருக்கை என்று கருதிவிட்டால் மனத்தடை நீங்கும்.

இனிச் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் அறிதல் நலம். 2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வண்டிச் சட்டத்தின் 194-பி பிரிவின்படி, 14 வயது நிறையாத குழந்தையைப் பாதுகாப்புப் பட்டையோ, குழந்தைகளுக்கெனச் செய்யப்பட்ட தாங்கும் அமைப்போ இன்றி ஏற்றிச் சென்றால் 1000 ரூபாய் தண்டம் விதிக்கலாம். அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் இது நடைமுறையில் உள்ளது. பின்னிருக்கையில் அமரும் பெரியவர்களும் பட்டை அணியவேண்டும் என்ற விதி அதற்கும் பழமையானது. 2022 செப்டம்பர் 4ஆம் நாள் பால்கர் அருகே நேர்ந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி உயிரிழந்தார். பின்னிருக்கையில் இருந்த அவர் பட்டை அணிந்திருக்கவில்லை எனக் காவல்துறையினர் தெரிவித்தபோதுதான் நாட்டினர் பலர் அவ்விதியை நினைத்துப் பார்த்தனர். அந்த 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர் என்பது அரசின் கணக்கு.

மேலை நாடுகளிலும் இவ்வறிவு ஒரே நாளில் தோன்றியதன்று. இன்று நாம் தோளிலும் இடுப்பிலும் மாட்டிக்கொள்ளும் மும்முனைப் பட்டையை, ஸ்வீடன் நாட்டில் வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் 1959இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 1960களின் நடுவில் அந்நாட்டுப் பேராசிரியர் பெர்ட்டில் ஆல்ட்மன், விண்வெளி வீரர்கள் முதுகு சாய்ந்து கிடந்தபடியே பெரும் விசையைத் தாங்குவதைக் கண்டு, குழந்தையும் வண்டியின் பின்புறம் நோக்கி அமர்ந்தால் அவ்வாறே தாங்கும் எனக் கருதி, அத்தகைய இருக்கையைச் செய்து காட்டினார். அமெரிக்காவில் டென்னஸி மாநிலம் 1977இல் முதன்முதலாகக் குழந்தை இருக்கைச் சட்டம் இயற்றிற்று. தக்க இருக்கையை முறைப்படி பயன்படுத்தினால், கார் விபத்துகளில் கைக்குழந்தைகளின் உயிரிழப்பு 71 விழுக்காடும், சற்றே வளர்ந்த குழந்தைகளின் உயிரிழப்பு 54 விழுக்காடும் குறையும் என்பது அந்நாட்டு அரசின் மதிப்பீடு.

இனித் தேர்ந்தெடுக்கும் முறைக்கு வருவோம்.

எங்கள் அலுவலகத்துக்கு ஒரு பெட்டி வந்தால், அதனை அனுப்புகிறவர் யார் என்பதைக் கொண்டு நாங்கள் அதை அடுக்குவதில்லை. எடை என்ன, அளவு என்ன, உள்ளே இருப்பது உடையும் பொருளா, சாய்த்து வைக்கலாமா என்பவற்றைப் பார்த்தே அடுக்குகிறோம். குழந்தை இருக்கையிலும் இதுவே முறை. வயது ஒரு குறிப்பு மட்டுமே. பார்க்கவேண்டியவை மூன்று: எடை, உயரம், தன் தலையையும் முதுகையும் தானே தாங்கும் ஆற்றல். இம்மூன்றில் கடைசியானதே நம் குழந்தைகளுக்கு முதன்மையானது.

நாங்கள் முதலிற் சென்ற கடையில், ‘நான்கு வயதென்றால் இதுதான்’ என்று சொல்லி, முதுகில்லாத உயர்த்தி இருக்கை ஒன்றை எடுத்து வைத்தனர். காரின் பட்டைக்கு ஏற்ப குழந்தையைச் சற்றே உயர்த்தி உட்காரவைக்கும் பலகை அது. பயணம் முழுவதும் நேராக அமரத் தெரிந்த குழந்தைக்கு அது பொருந்தும். எங்கள் பிள்ளை அதில் பக்கவாட்டில் சரிந்துவிடுவான். தோளில் இருக்கவேண்டிய பட்டை கழுத்தில் ஏறிவிடும். அட்டைப் பெட்டியின்மேல் அச்சிட்ட வயதைத் தவிர வேறெதையும் அக்கடைக்காரர் பார்க்க விரும்பவில்லை. வெளியே வந்துவிட்டோம். பிள்ளைக்குப் பயிற்சி தரும் அம்மையார் சொன்னது பொன்னான அறிவுரை: ‘இருக்கையை வாங்கிவிட்டு என்னிடம் காட்டாதீர்கள், எத்தகைய இருக்கை என்று முதலில் என்னிடம் கேட்டுக்கொண்டு பிறகு கடைக்குப் போங்கள்.’

அவர் சொன்னவற்றையும், பின்னர் படித்தறிந்தவற்றையும் வரிசைப்படுத்திச் சொல்கிறேன்.

முதலாவது, திசை. இயன்றவரை நீண்ட காலம் குழந்தை வண்டியின் பின்புறம் நோக்கியே அமர்ந்திருக்கவேண்டும். முன்புறம் மோதும்போது முன்னே பாயும் விசை முழுவதையும் இருக்கையின் முதுகு ஏற்றுக்கொள்கிறது. தலையும் கழுத்தும் தண்டுவடமும் ஒருசேரத் தாங்கப்படுகின்றன. 129 என்னும் எண்ணுடைய ஐக்கிய நாடுகள் அவையின் புதிய விதி, 15 மாதம் வரையில் இதனைக் கட்டாயமாக்கியுள்ளது. கழுத்துத் தசை தளர்ந்த குழந்தைகளுக்கு அந்த 15 மாதம் போதாது. பின்னோக்கி அமர்த்துவதற்கு 13 கிலோ வரை இடந்தரும் இருக்கைகளும் உண்டு; 18 கிலோ வரை இடந்தருபவையும் உண்டு. நாங்கள் தேடி வாங்கியது இரண்டாம் வகை. ‘கால் மடங்கிக்கொள்ளுமே’ என்று அஞ்சுவோர் உளர். கால் மடங்குவதால் உயிருக்குத் தீங்கில்லை. இடுப்பு மூட்டில் தனிக்குறை உடையவர்க்கு மட்டும் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்க.

இரண்டாவது, பட்டை. இரு தோள், இரு இடுப்பு, கால்களின் நடு ஆகிய ஐந்து இடங்களில் பிடிக்கும் ஐம்முனைப் பட்டையே வேண்டும். மார்புக்கு முன்னே தட்டு அல்லது மெத்தைத் தடுப்பு வைத்த வகை நம் குழந்தைகளுக்கு ஏற்றதன்று. மூச்சுக்குழலில் துளையிட்டுக் குழாய் பொருத்தியவர்க்கு அது பெருந்தீங்கு. பின்னோக்கி அமர்ந்தால் தோள்பட்டை தோளின் மட்டத்திலோ சற்றுக் கீழிருந்தோ வரவேண்டும். முன்னோக்கி அமர்ந்தால் தோளின் மட்டத்திலோ சற்று மேலிருந்தோ வரவேண்டும். பூட்டியபின் தோளருகே பட்டையை இரு விரல்களால் கிள்ளிப் பாருங்கள்; மடிப்புப் பிடிபட்டால் இன்னும் இறுக்கவேண்டும்.

மூன்றாவது, சாய்வு. மிக நேராக இருந்தால் தலை முன்னே கவிழ்ந்து, மோவாய் மார்பைத் தொட்டு, மூச்சு திணறும். மிகவும் சாய்ந்தால் மோதலின்போது உடல் மேல்நோக்கி வழுக்கிவிடும். பிறந்த குழந்தைக்கு ஏறத்தாழ 45 பாகைச் சாய்வு தக்கது. தலை தாங்க இயலாத சற்றுப் பெரிய குழந்தைக்கு எவ்வளவு என்பதை, அந்த இருக்கையின் கையேடு இடந்தரும் அளவுக்குள் பயிற்சியாளரே பார்த்துச் சொல்லவேண்டும்.

நான்காவது, நம் வண்டிக்குப் பொருந்துதல். இருக்கையை வாங்குவதற்கு முன்னரே நம் காரில் வைத்துப் பார்ப்பது சாலச் சிறந்தது. இருக்கையில் பட்டை செல்லும் இடத்தில் பிடித்து அசைத்தால் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகரலாகாது. ஐசோஃபிக்ஸ் என்னும் இரும்புக் கொக்கிகள் உள்ள காராயின் மாட்டுவது எளிது. ஆனால் அதற்கும் எடை வரம்பு உண்டு. நான்கு ஐந்து வயதான குழந்தையும் கனமான இருக்கையும் சேர்ந்து அவ்வரம்பைத் தாண்டக்கூடும் என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்க. காற்றுப்பை இயங்கும் முன்னிருக்கையில் பின்னோக்கிய இருக்கையை ஒருபோதும் வைக்கலாகாது. பை விரியும் விசை குழந்தையின் தலையைத் தாக்கிவிடும்.

ஐந்தாவது, முத்திரை. இந்தியத் தரமாகிய ஏ.ஐ.எஸ். 072, அல்லது ஐக்கிய நாடுகள் அவையின் 44, 129 ஆகிய விதிகளில் ஒன்று இருக்கையில் குறிக்கப்பட்டிருக்கவேண்டும். இவற்றுள் 44ஆம் விதி, உடல் அல்லது மனக்குறையுடைய குழந்தைகளுக்கான தனி இருக்கை என்றே ஒரு வகையை வகுத்துள்ளது. அமெரிக்காவிலுள்ள உறவினர் அன்போடு இருக்கையைக் கொண்டுவந்து தருவதுண்டு. அங்குள்ள கார்களில் பட்டையை இழுத்துப் பூட்டி நிறுத்தும் அமைப்பு உண்டு. இங்குள்ள கார்கள் பலவற்றில் மோதும்போதுதான் பட்டை பூட்டிக்கொள்ளும். ஆகவே அவ்விருக்கை இங்கே உறுதியாக நிற்குமா என்று பார்த்தே ஏற்கவேண்டும். ஒருமுறை விபத்துக்குள்ளான இருக்கையும், காலாவதியான இருக்கையும் இனாமாகக் கிடைத்தாலும் வேண்டா.

இவ்வளவும் பொருந்தியபின் சிறு சிறு தாங்கல்கள் தேவைப்படும். இங்கேதான் அன்பு மிகுதியால் தவறு நேர்கிறது. துண்டைச் சுருட்டித் தலையின் இரு புறமும், இடுப்பின் இரு புறமும் வைக்கலாம். குழந்தை கீழே வழுக்குமாயின், கால்களுக்கிடையே வரும் பட்டைக்கும் உடலுக்கும் நடுவே சிறு சுருள் ஒன்று வைக்கலாம். ஆனால் முதுகுக்குப் பின்னும் இருக்கைக்கு மேலும் தலையணை, மெத்தை எதுவும் ஆகா. மோதும்போது அது நசுங்கிப் பட்டை தளர்ந்துவிடும். தலையை மட்டும் துணியால் பின்னே கட்டிவைப்பது கொடிது. உடல் முன்னே செல்ல, தலை பின்னே நிற்க, கழுத்து என்னாகும்? கெட்டியான கழுத்துப் பட்டியும் அவ்வாறே. துளையிடுதல், பட்டையை வெட்டித் தைத்தல் முதலிய வேலைகளைத் தையற்காரரிடமோ பட்டறையிலோ செய்தல் கூடாது.

ஒவ்வொரு குறைக்கும் தனித்தனிக் கருத்து உண்டு. 37 வாரம் நிறையுமுன் பிறந்த குழந்தையை மருத்துவமனையிலிருந்து அழைத்துவருமுன், அந்த இருக்கையிலேயே ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் அமர்த்தி, மூச்சும் நாடியும் குருதியிலுள்ள பிராணவாயுவின் அளவும் குன்றாதிருக்கின்றனவா என்று சோதித்துத் தருமாறு மருத்துவரைக் கேட்கலாம். டவுன் நோய்க்குறியுள்ள குழந்தைக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கிடையே தளர்ச்சி இருக்கக்கூடும். ஆகவே நெடுநாள் பின்னோக்கி அமர்த்துவது இன்றியமையாதது. இடுப்பிலிருந்து கால்வரை மாவுக்கட்டுப் போட்ட குழந்தை சாதாரண இருக்கையில் அடங்காது. கட்டுப் போடும் முன்பே ஊர் திரும்பும் வழியை மருத்துவரோடு பேசிக்கொள்க. தன்மயக் குறையுள்ள குழந்தை உட்கார வல்லது. ஆனால் ஓடும் வண்டியில் பூட்டைக் கழற்றிவிடும். அதற்கு முதற்பாதுகாப்பு, பழக்கம். நிற்கும் வண்டியில் நாள்தோறும் ஐந்து நிமிடம் அமர்த்தி, புறப்படுவது, நிற்பது, இறங்குவது ஆகியவற்றைப் படமாக வரைந்து காட்டினால் பல குழந்தைகள் அமைதி கொள்கின்றன. வலிப்பு வரக்கூடிய குழந்தையின் பக்கத்தில் பெரியவர் ஒருவர் அமர்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டே வரவேண்டும். தாய் தனியே ஓட்டிச் சென்றால், வண்டியை ஓரமாக நிறுத்திய பின்னரே திரும்பிக் கவனிக்கவேண்டும். பிராணவாயு உருளை, சளி உறிஞ்சும் கருவி முதலியன மோதலில் எறிகுண்டுகளாகும். அவற்றைத் தரையில் அசையாமல் பிணித்து வைக்க.

வளர்ந்தபின் சக்கர நாற்காலியிலேயே வண்டியில் ஏறும் நிலை வரலாம். எல்லா நாற்காலியும் அதற்கு ஏற்றதன்று. 7176 என்னும் பன்னாட்டுத் தரத்தின் 19ஆம் பகுதி அதற்கென்றே உள்ளது. நாற்காலி முன்னோக்கி நிற்கவேண்டும். நான்கு பட்டைகளால் தரையோடு பிணைக்கப்படவேண்டும். குழந்தைக்குத் தனியே தோள்பட்டையும் இடுப்புப் பட்டையும் வேண்டும். பள்ளி வண்டியில் அனுப்புவோர் இதனைக் கேட்டறியத் தயங்கலாகாது.

தில்லிக்கென்றே இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. நம் ஊரில் அறியாத குளிர் இங்கே மார்கழி, தை மாதங்களில் வருகிறது. கம்பளிச் சட்டை மேல் சட்டையாக அணிவித்துக் குழந்தையைப் பஞ்சுப் பொதிபோல ஆக்கி அதன்மேல் பட்டையைப் பூட்டுகிறோம். இறுக்கமாகத் தோன்றும், மோதும்போது பஞ்சு நசுங்கிப் பட்டைக்கும் உடலுக்கும் இடையே நாலு விரல் இடைவெளி விழும். மெல்லிய உடையோடு பட்டையைப் பூட்டி, அதன்மேல் போர்வையைப் போர்த்துவதே முறை. கோடையிலோ, வெயிலில் நின்ற வண்டியின் உலோகப் பூட்டு பழுக்கக் காய்ந்திருக்கும். வாய்விட்டுச் சொல்ல இயலாத குழந்தை சுடுவதைச் சொல்லாது. வெள்ளைத் துணியால் இருக்கையை மூடிவைத்து, நம் புறங்கையால் தொட்டுப் பார்த்தபின் அமர்த்துக. நிறுத்திய வண்டியில் ஒரு நிமிடமும் குழந்தையைத் தனியே விடற்க.

செலவைப் பற்றி ஒரு சொல். வெளிநாட்டில் செய்யப்படும் தனிச்சிறப்பு இருக்கைகள் இலட்சம் ரூபாயையும் தாண்டும், எல்லாராலும் இயலாது. ஆனால் பின்னோக்கியும் முன்னோக்கியும் மாற்றக்கூடிய, சாய்வுள்ள, ஐம்முனைப் பட்டையுடைய சாதாரண இருக்கையே பல சிறு குழந்தைகளுக்குப் போதுமானது. அது சில ஆயிரங்களில் கிடைக்கிறது. மூளை முடக்குவாதம், தன்மயக் குறை முதலியன உடையவர்க்குத் தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீடு, மருத்துவச் செலவுக்கு 1 இலட்சம் ரூபாய் வரை துணைசெய்கிறது. தலைநகரில் விஷ்ணு திகம்பர் சாலையிலுள்ள தீனதயாள் உபாத்தியாயா தேசிய நிறுவனமும், ஹௌஸ் காஸிலுள்ள ‘ஆதி’ என்னும் அமைப்பும் இத்தகைய குழந்தைகளுக்காக நெடுங்காலமாகத் தொண்டு புரிகின்றன. உட்காரும் முறைபற்றி அங்குள்ள பயிற்சியாளர்களைக் கேட்கலாம். ஆட்டோவில் எந்த இருக்கையையும் பொருத்த முடியாது என்பதால், கார் இல்லாதவர் மின்தூக்கி வசதியுள்ள மெட்ரோ இரயிலை நாடுவது நன்று. ஊருக்குச் செல்லும்போது, இரயில்வேயின் விதிகளின்படி தகுதியுள்ள மாற்றுத்திறனாளிக் குழந்தைக்கும் உடன்செல்லும் துணைவர்க்கும் கட்டணச் சலுகை உண்டு. 2020 மார்ச்சில் பல சலுகைகள் நிறுத்தப்பட்டபோதும் இது நிறுத்தப்படவில்லை. வேண்டிய சான்றிதழ்கள் பற்றி ஐயமிருந்தால் என்னைக் கேளுங்கள். அதுவரையில் எனக்குத் தெரியும்.

இறுதியாக, சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். தில்லியில் இத்தகைய குழந்தையை வளர்க்கும் வீடுகளில், தாயும் தந்தையும் வேலைக்குச் செல்ல, ஊரிலிருந்து வந்த பாட்டியே குழந்தையோடு பின்னிருக்கையில் அமர்ந்து மருத்துவமனைக்குப் போகிறார். பட்டையைப் பூட்டுபவரும் கழற்றுபவரும் அவரே. இருக்கையோடு வரும் கையேடோ ஆங்கிலத்தில் இருக்கிறது. நன்கு தமிழ் படிக்கத் தெரிந்த அந்தப் பாட்டிக்கு அதில் ஓரெழுத்தும் பயன்படுவதில்லை. என் தங்கையின் மாமியாருக்காக, தடித்த எழுத்தில் ஒரு பக்கத்தில் நான் எழுதிக் கொடுத்தேன். மடியைப் பற்றி முதலில் வாதிட்டவர் அவர்தாம். இப்பொழுது அந்தத் தாளை வாசித்து, பட்டையைக் கிள்ளிப் பார்த்து, ‘சரியாயிருக்கிறது’ என்று அவர் சொன்ன பின்புதான் வண்டி புறப்படுகிறது. வாரம் இருமுறைப் பயிற்சி தடையின்றி நடக்கிறது.

அத்தகைய ஒரு பக்கத்தை, மருத்துவரும் பயிற்சியாளரும் பார்த்துத் திருத்தித் தர, நம் சங்கம் அச்சிட்டு வழங்கலாகாதா? மாதத்தில் ஒரு ஞாயிறன்று, வெவ்வேறு வகையான இருக்கைகள் இரண்டு மூன்றைச் சங்கக் கட்டடத்தில் வைத்து, குழந்தையை அமர்த்திப் பார்த்துவிட்டு வாங்க வழி செய்யலாகாதா? நம் உறுப்பினருள் இப்பயிற்சித் துறையில் பணிபுரிவோர் சிலர் இருக்கின்றனர். அவர்கள் ஒரு மணி நேரம் ஈந்தால் போதும். இலட்சங்கள் செலவாகும் திட்டமன்று இது. தமிழ் வளர்க்கும் சங்கம், தமிழ் படிக்கும் பாட்டிமாரின் கையால் ஒரு குழந்தையின் உயிரையும் காக்குமாயின், அதுவும் தமிழ்த் தொண்டேயாகும்.